பூஸ்ட் மீட்டர் 0.4-லேயே நிற்கிறது, டர்போ போய்விட்டதா?

கேள்வி: வணக்கம் அண்ணே. கோலாலம்பூர் செத்தாபாக்கிலிருந்து எழுதுகிறேன். என்னுடைய கார் 2013 புரோட்டான் பிரெவே டர்போ, கைமாறி வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் முன்கண்ணாடித் தூணில் ஒரு பூஸ்ட் மீட்டர் (டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது) பொருத்தியிருக்கிறார், பார் என்ற அளவில் காட்டும். வாங்கிய புதிதில் காடி எஞ்சின் ஓடியபடி சும்மா நிற்கும்போது முள் மைனஸ் 0.6-ஐக் கொஞ்சம் தாண்டி இருக்கும், அழுத்தினால் 0.7 வரை ஏறும். மச்சானுடைய கார் புரோட்டான் வீரா, அதில் பிஎஸ்ஐ மீட்டர். அவனுக்கு 14 ஏறுகிறது, நின்றால் இடதுபக்கம் 20 காட்டுகிறது, உன்னுடையதில் ஒன்றுமே இல்லையே என்று கிண்டல். போனில் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன், அழுத்தும்போது அதில் 168 என்று வந்தது. கெந்திங் மலைக்குப் போனபோது மேலே பார்க்கிங்கில் முள் மைனஸ் 0.45-க்கு வந்துவிட்டது, கீழே இறங்கியதும் பழையபடி ஆகிவிட்டது. இப்போது கொஞ்ச நாளாக எவ்வளவு அழுத்தினாலும் 0.4-க்கு மேல் போகவில்லை, சும்மா நிற்கும்போது முள் பழைய இடத்தில்தான், அழுத்தும்போது முன்பக்கம் 'உஸ்ஸ்' என்று சத்தம் வேறு. நியூட்ரலில் அழுத்திப் பார்த்தால் பூஸ்ட் சுத்தமாக வரவில்லை. ஒரு மெக்கானிக் டர்போவையே மாற்றச் சொல்கிறார். மச்சான், பூஸ்ட் கன்ட்ரோலர் போட்டு 1.0-க்கு ஏற்றிவிடலாம் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தம்பி, டர்போவுக்கு இப்போதே காசு எடுத்து வைக்காதீர்கள். இரண்டு பேர் பேச்சையும் ஒரு பக்கம் வையுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது: நிற்கும்போது முள் பழைய இடத்திலேயே இருக்கிறது, அழுத்தினால் மட்டும் பூஸ்ட் குறைகிறது, கூடவே 'உஸ்ஸ்' சத்தம். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் டர்போவிலிருந்து துரோட்டல் பாடிக்கு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கிற காற்று வாசல்) போகிற குழாயில் எங்கோ காற்று கசிகிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஒரு ஹோஸ் கிளிப்போடு முடிகிற வேலையாகவும் இருக்கலாம். எப்படி அந்த முடிவுக்கு வருகிறேன் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் முள்ளைப் படிக்கத் தெரிந்துவிட்டால் அடுத்த தடவை யாரிடமும் ஏமாற மாட்டீர்கள்.

எஞ்சினை அணைத்திருக்கும்போது முள் 0-வில் இருக்கும், கவனித்திருப்பீர்கள். அப்போது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்புகிற இன்டேக் மேனிஃபோல்டுக்குள் காற்று இல்லாமல் இல்லை, வெளியில் இருக்கிற அதே காற்றழுத்தம்தான் உள்ளேயும் இருக்கிறது. கடல் மட்டத்தில் அது 1.013 பார், பிஎஸ்ஐயில் சொன்னால் 14.7, கிலோ பாஸ்கலில் 101.3. மீட்டர் அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. ஆகவே 0-வுக்கு இடதுபக்கம் போனால் மேனிஃபோல்டுக்குள் வெளியில் இருப்பதைவிட அழுத்தம் குறைவு, அதைத்தான் பட்டறையில் வேக்குவம் என்போம். வலதுபக்கம் போனால் டர்போ அழுத்தி அனுப்பிய காற்று. எஞ்சினை நிறுத்திய பிறகும் முள் 0-வில் வந்து நிற்காமல் 0.1 தள்ளி நிற்கிறது என்றால் மீட்டரே கோணல். அதில் தெரிகிற எல்லா எண்ணிலும் அந்த 0.1-ஐக் கூட்டியோ கழித்தோதான் படிக்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல மீட்டர் வாங்குங்கள். மலிவு மீட்டர்களில் இது சர்வ சாதாரணம்.

ஸ்டார்ட் செய்ததும் முள் ஏன் இடதுபக்கம் ஓடுகிறது? ஐட்லிங்கில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் மட்டும் சும்மா ஓடும்போது, துரோட்டல் தட்டு ஏறக்குறைய மூடியே இருக்கிறது, பிஸ்டன்கள் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கின்றன, வருகிற வழியோ ஒரு கீற்று. பெட்ரோல் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் மைனஸ் 0.6 முதல் 0.7 வரை இருப்பது வழக்கம். உங்களுடையது அதற்குள்தான் இருக்கிறது. ஏர்கான் போட்டால் கம்ப்ரெஸரைச் சுற்ற வேண்டிய சுமை சேரும், முள் கொஞ்சம் 0-வை நோக்கி நகரும், கியர் டி-யில் வைத்து பிரேக்கை மிதித்தாலும் அப்படித்தான். நம் ஊரில் ஏர்கான் போடாமல் யார் கார் ஓட்டுகிறார்கள்! அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் எப்போதும் ஒரே நிலையில் பாருங்கள் என்கிறேன்: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கியர் பி-யில், ஏர்கான் நிறுத்தி. அப்படிப் பார்க்கும்போது முள் ஒரே இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். மைனஸ் 0.4-க்கு வந்துவிட்டது, கூடவே எஞ்சினும் திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் துரோட்டலுக்குப் பின்னால், அதாவது மேனிஃபோல்ட் பக்கம், எங்கோ வெளிக்காற்று புகுகிறது. முள் சீரான இடைவெளியில் வெடுக் வெடுக்கென்று துள்ளினால் ஒரு சிலிண்டர் ஒழுங்காக வேலை செய்யவில்லை. பிளக், காயில், வால்வ் என்று அந்தப் பக்கம் தேடலாம். பழைய மெக்கானிக்குகள் ஸ்கேனர் இல்லாத காலத்தில் ஒரு வேக்குவம் மீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சினின் ஜாதகத்தையே சொல்வார்கள். பூஸ்ட் மீட்டரின் இடது பாதி அதே கருவிதான், ஆனால் வாங்கியவர்கள் பெரும்பாலும் வலது பாதியை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

ஓடும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டு எஞ்சின் பிடிப்பிலேயே காரை மெதுவாக்கினால் முள் ஐட்லிங்கைவிடவும் இடதுபக்கம் போகும். அதற்குப் பயப்படாதீர்கள், அப்படிப் போவது நல்ல அறிகுறி. நெடுஞ்சாலையில் 90-இல் நிதானமாகப் போகும்போது முள் மைனஸிலேயே கிடப்பதைப் பார்த்துவிட்டு டர்போ தூங்குகிறது என்று சொல்பவர்கள் நிறைய. அந்த வேகத்தைத் தக்கவைக்க எஞ்சினுக்குக் கொஞ்சம் காற்று போதும், டர்போவின் உதவி தேவையில்லை, பெட்ரோலும் மிச்சம். எப்போதும் ப்ளஸ் பக்கமே ஓட்டினால்தான் டர்போ கார் வாங்கியதற்கு அர்த்தம் என்று நினைத்தால் பெட்ரோல் ஸ்டேஷன்காரருக்குத்தான் சந்தோஷம்.

சரி, மச்சானிடம் வருவோம். அவருடைய மீட்டரில் வலதுபக்கம் பிஎஸ்ஐ, ஆனால் இடதுபக்கம் பிஎஸ்ஐ இல்லை. பாதரச அங்குலம், இன்ச் எச்ஜி என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், 30 வரை எண்கள் இருக்கும். ஒரே முள், ஒரே வட்டம், இரண்டு பக்கமும் இரண்டு அளவை. இதைக் கவனிக்காமல்தான் 'நின்றால் 20, அழுத்தினால் 14, அப்படியானால் நிற்கும்போதுதான் அதிகமா' என்று ஆட்கள் குழம்புகிறார்கள். 20 அங்குலம் என்பது மைனஸ் 0.68 பார். உங்களுடைய மைனஸ் 0.6 சொச்சத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வலதுபக்கம் அவருடைய 14 பிஎஸ்ஐ ஏறக்குறைய 0.97 பார், உங்களுடைய 0.7 பார் ஏறக்குறைய 10 பிஎஸ்ஐ. ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைப் போன் கணக்குப் போட்டுக்கொள்ளும். பழைய ஜப்பான் மீட்டர்களில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு இருக்கும், அதற்கும் பாருக்கும் வித்தியாசம் 2 சதவீதம்தான், முள்ளின் தடிமனே அவ்வளவு இருக்கும், விடுங்கள்.

ஆகவே மச்சானின் காரில் பூஸ்ட் கூடுதல்தான், உண்மை. ஆனால் அது ஹாஃப் கட் எஞ்சின் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய காரின் எஞ்சின்) இறக்கிய வீராவாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் கம்பெனியிலிருந்து வீரா டர்போ பெட்ரோலாக வரவில்லை. அந்த எஞ்சின் வேறு, டர்போவின் அளவு வேறு, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் வேறு. மீட்டர் காட்டுவது அழுத்தத்தை மட்டும்தான், எவ்வளவு காற்று உள்ளே போனது என்பதை அது காட்டாது. தோட்டத்து ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், வாளியில் விழுகிற தண்ணீர் குறையும். சின்ன டர்போ 1.0 பாரில் தள்ளுகிற காற்றைவிடப் பெரிய டர்போ 0.8 பாரில் கூடுதலாகத் தள்ளலாம், அதுவும் சூடேறாமல். இரண்டு வேறு வேறு கார்களின் பூஸ்ட் எண்ணை மாமாக் கடை மேசையில் வைத்து ஒப்பிடுவது பொழுதுபோக்குக்கு நன்றாக இருக்கும், வேறெதற்கும் உதவாது.

அப்புறம் அந்த 168. அதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள், ஆனால் அதுவும் உங்கள் முள்ளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கின்றன. ஆப் கேட்கிற எண்ணை காரின் கம்ப்யூட்டர், மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரிலிருந்து கொடுக்கிறது, அது வெளிக்காற்றைக் கழிக்காத முழு அழுத்தம், கிலோ பாஸ்கலில். 168-இல் 101-ஐக் கழித்தால் 67, அதாவது 0.67 பார். உங்கள் முள் காட்டிய 0.7-ஓடு பொருந்துகிறதா? பொருந்துகிறது, அப்படியானால் மீட்டரும் நம்பகமானதுதான், இலவசமாகவே சோதித்துவிட்டீர்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ஆப்பைப் பாருங்கள், கோலாலம்பூரில் 100-ஐ ஒட்டி ஓர் எண் வரும், அதுதான் கழிக்க வேண்டிய எண். சில ஆப்கள் தாங்களே கழித்துவிட்டு பூஸ்ட் என்று தனியாகக் காட்டும், அதற்கு முன் எந்த எண்ணைக் கழிக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். ஆப்பில் இன்னொரு குறை, அது விநாடிக்குச் சில தடவைதான் எண்ணை வாங்கும், ஒரு நொடியில் ஏறி இறங்கும் உச்சத்தைத் தவறவிட்டுவிடும். அதற்கு முள்தான் நல்லது.

இந்தக் கழித்தல் கணக்கு புரிந்துவிட்டால் கெந்திங் மர்மமும் அவிழ்ந்துவிடும். கெந்திங் மலை உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே 81, 82 கிலோ பாஸ்கல்தான், கீழே செத்தாபாக்கில் 100-ஐ ஒட்டி. ஐட்லிங்கில் உங்கள் எஞ்சினுக்குத் தேவையான காற்று மலையிலும் அதேதான், எனவே மேனிஃபோல்டுக்குள் முழு அழுத்தம் இரண்டு இடத்திலும் 37, 38-ஐச் சுற்றித்தான் இருக்கும். கீழே 101-இலிருந்து 38 போனால் 63, முள் மைனஸ் 0.63. மேலே 82-இலிருந்து 38 போனால் 44, முள் மைனஸ் 0.44. நீங்கள் பார்த்தது 0.45. எஞ்சினில் எதுவும் மாறவில்லை, முள் எதோடு ஒப்பிடுகிறதோ அந்த வெளிக்காற்றுதான் மெலிந்துவிட்டது. அடுத்த தடவை போகும்போது ஆப்பைத் திறந்து முழு அழுத்தத்தைப் பாருங்கள், கீழே காட்டிய எண்ணையேதான் ஏறக்குறைய காட்டும்.

மலையில் பூஸ்ட் பக்கமும் இதே கதைதான். மேலே 0.7 காட்டினாலும் கீழே இருந்த 0.7-ம் அதுவும் ஒன்றில்லை. கீழே 1.01-உம் 0.7-உம் சேர்ந்து 1.71, மேலே 0.82-உம் 0.7-உம் சேர்ந்து 1.52. சிலிண்டருக்குப் போகிற அழுத்தம் 11 சதவீதம் குறைவு. ஆனாலும் டர்போ இல்லாத கார் அதே இடத்தில் 19 சதவீதத்தை இழந்துவிட்டிருக்கும். கெந்திங் ஏற்றத்தில் சாதாரணக் கார்கள் மூச்சு வாங்கிக்கொண்டு இடப்பக்கம் ஒதுங்கும்போது நீங்கள் தாண்டிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நியூட்ரலில் பூஸ்ட் வராதது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சுமை இல்லாத எஞ்சின் 4,000 சுற்றுக்குப் போகவும் துரோட்டல் கொஞ்சம் திறந்தால் போதும், எரிகிற பெட்ரோலும் குறைவு, டர்போவைச் சுழற்றும் அளவுக்குப் புகையில் வேகம் இல்லை. நியூட்ரலில் முறுக்கிப் பார்த்துவிட்டு டர்போ போச்சு என்று சொல்கிற மெக்கானிக்கிடம் காரை விடாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

பூஸ்டைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் சுமை வேண்டும், வேகம் வேண்டியதில்லை. உங்களுக்கு வசதியான இடம் பக்கத்திலேயே இருக்கிறது: கோம்பாக் டோல் தாண்டி காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா நோக்கி ஏறுகிற சாலை. காலை நேரம், வாகனம் குறைவாக இருக்கும்போது, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் போனில் மீட்டரையும் ஆர்பிஎம்மையும் சேர்த்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சாலையை மட்டும் பாருங்கள், அந்த வளைவுகளில் லாரிகளுக்கு நடுவே முள்ளைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது பைத்தியக்காரத்தனம். சட்ட வேகத்துக்குள்ளேயே, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தமாக மிதித்தால் போதும். பிறகு வீட்டில் உட்கார்ந்து வீடியோவை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முள் 0-வைத் தாண்டும்போது ஆர்பிஎம் எவ்வளவு, உச்சம் எவ்வளவு, உச்சத்தில் நிற்கிறதா, மேலே போகப் போகக் குறைகிறதா, இந்த நான்கைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் காரில் இருப்பது காம்ப்ரோ சிஎஃப்இ, 1.6 லிட்டர், 138 குதிரை சக்தி, 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதுவும் 2,000-இலிருந்து 4,000 ஆர்பிஎம் வரை. அந்த 2,000 என்ற எண்ணே சொல்லிவிடுகிறது, டர்போ சின்னது, சீக்கிரம் விழித்துக்கொள்ளும், முக்கால் பார் அளவுக்குத்தான் கம்பெனி வைத்திருக்கிறது. சின்ன டர்போ எல்லாமே மேல் ஆர்பிஎம்மில் களைத்துப் போகும். 5,000-ஐ நெருங்கும்போது முள் உச்சத்திலிருந்து கொஞ்சம் இறங்கினால் அது இயல்பு. அழுத்திய உடன் 0.8-ஐத் தொட்டுவிட்டு 0.7-க்கு வந்து உட்கார்ந்தாலும் இயல்புதான், வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவை மீறாமல் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) திறக்க ஒரு கணம் ஆகும். ஆனால் ஆர்பிஎம் ஏற ஏறப் பூஸ்டும் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் காலை உடனே எடுங்கள், வேஸ்ட்கேட் திறக்கவில்லை அல்லது அதற்குப் போகிற சின்ன ஹோஸ் கழன்றிருக்கிறது. அந்த நேரத்தில் கார் பறக்கும், ஓட்டவே ஆனந்தமாக இருக்கும், அடுத்து பிஸ்டனுக்குத்தான் செலவு.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். ஜாலான் கூச்சிங்கில் ஒரு மணி நேரம் ஜேமில் கிடந்துவிட்டு வெளியே வந்து அழுத்தினால் முள் வழக்கம்போல 0.7 காட்டும், கார் மட்டும் இழுக்காது. இன்டர்கூலர் சூடாகிக் கிடக்கிறது. எஞ்சினுக்குள் போகும் காற்று 35 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் அதே அழுத்தத்தில் 7, 8 சதவீதம் காற்று குறைந்துவிடும். அதற்கு மேல் கம்ப்யூட்டர் நாக்கிங் (சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரங்கெட்டு வெடிப்பது) வராமல் இருக்க இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளும். இதெல்லாம் மீட்டரில் தெரியாது. கொஞ்ச தூரம் ஓடிக் காற்று பட்டால் தானாகச் சரியாகும்.

இப்போது உங்கள் காரின் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். ஐட்லிங்கில் டர்போவுக்கும் துரோட்டலுக்கும் நடுவில் இருக்கிற குழாயில் அழுத்தமே கிடையாது, வெளியில் இருக்கிற அளவுதான். அங்கே ஓட்டை இருந்தாலும் ஐட்லிங்கில் எதுவும் தெரியாது. அழுத்தும்போது டர்போ காற்றைத் திணிக்கிறது, அது ஓட்டை வழியாக 'உஸ்ஸ்' என்று வெளியே போகிறது, மேனிஃபோல்டுக்கு மிச்சம்தான் வருகிறது. ஐட்லிங் முள் மாறாமல் பூஸ்ட் மட்டும் குறைந்தது என்று நீங்கள் எழுதியதும் நான் அந்தக் குழாயைப் பிடித்தது இதனால்தான். வேஸ்ட்கேட் திறந்தபடி சிக்கிக்கொண்டாலும், புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் அடைத்தாலும் பூஸ்ட் குறையும், ஆனால் அப்போது இந்த உஸ் சத்தம் இருக்காது. டர்போவே தேய்ந்திருந்தால் வேறு சத்தம், சைரன் மாதிரி ஒரு கூவல், பெரும்பாலும் நீலப் புகையும் எண்ணெய் குறைவதும் சேர்ந்து வரும். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை.

தேடுவது எப்படி? எஞ்சின் ஆறிய பிறகு பானட்டைத் திறந்து, டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து துரோட்டலுக்கும் போகிற ஹோஸ்களைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். குறிப்பாக அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய்க்குள் எஞ்சினிலிருந்து வரும் எண்ணெய் ஆவி எப்போதும் மெல்லிசாகப் படிந்திருக்கும், அது வழக்கம்தான். காற்று கசியும் இடத்தில் அந்த எண்ணெயும் சேர்ந்து தெறித்து, அதன்மேல் தூசி ஒட்டி, கிளிப்பின் ஓரத்திலிருந்து விசிறி விரிந்தாற்போல ஒரு கறுப்புத் தடம் விட்டிருக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் வளைவில் மடித்துப் பார்த்தால்தான் தெரியும், நேராகப் பார்க்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் டர்போவின் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதன் வழியே ரெகுலேட்டர் வைத்து அரை பார் அளவுக்குக் காற்றை மெதுவாக விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கசியும் இடத்தில் நுரை பொங்கி வரும். கம்ப்ரெஸர் காற்றை ரெகுலேட்டர் இல்லாமல் அப்படியே திறந்துவிட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், டயருக்கு அடிக்கிற காற்று அது, நல்லாயிருக்கிற ஹோஸும் கழன்றுவிடும். புகை விட்டுப் பார்க்கும் மிஷின் உள்ள பட்டறை கிடைத்தால் இன்னும் சுலபம். ஆக்சிலரேட்டரை விட்டதும் குழாயில் மிஞ்சிய அழுத்தத்தைத் திறந்துவிடும் டம்ப் வால்வையும் மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குள் இருக்கிற டயாஃப்ரம் கிழிந்தாலும் இதே அறிகுறிதான் வரும். சத்தம் காருக்கு வெளியே இல்லாமல் ஃபில்டர் பெட்டிப் பக்கம் கேட்டால் அதைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். கிளிப்பாக இருந்தால் புதிது போடுங்கள், செலவு இரண்டு பேர் நாசி கண்டார் சாப்பிடுகிற காசுக்குள் முடிந்துவிடும். இறுக்குகிறேன் என்று முரட்டுத்தனமாக முறுக்கி ஹோஸை வெட்டிவிடாதீர்கள்.

ஸ்கேனர் போட்டுப் பார்க்கும்போது பி0299 என்ற கோடு (பிழைக் குறியீடு) வந்தால் அதற்குப் பூஸ்ட் போதவில்லை என்றுதான் அர்த்தம், டர்போவை மாற்று என்று அர்த்தமில்லை. அந்தக் கோடை மட்டும் காட்டி டர்போ விலை சொன்னவரிடம் 'பிரஷர் டெஸ்ட் செய்தீர்களா' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மீட்டருக்குப் போகிற மெல்லிய ஹோஸையும் பார்த்துவிடுங்கள். முன்பு வைத்திருந்தவர் எங்கிருந்து இழுத்திருக்கிறார் என்று தெரியாது. துரோட்டலுக்குப் பின்னால் மேனிஃபோல்டிலிருந்து எடுத்திருந்தால்தான் வேக்குவமும் பூஸ்டும் இரண்டும் தெரியும், உங்களுக்குத் தெரிகிறது, ஆகவே இடம் சரி. ஆனால் பிரேக் பூஸ்டருக்குப் போகிற ஹோஸை வெட்டி நடுவில் 'T' வடிவ இணைப்பு போட்டிருந்தால் அதைக் கண்டிப்பாக மாற்றுங்கள், அந்த மெல்லிய ஹோஸ் என்றைக்காவது கழன்றால் மீட்டரோடு பிரேக்கின் உதவியும் போய்விடும். எஞ்சின் சூட்டில் இந்தச் சின்ன ஹோஸ்கள் ஓரிரு வருஷத்தில் கட்டையாகி நுனியில் கீறல் விடும்.

கடைசியாக 1.0 பார். வேண்டாம். இப்போது இருக்கிற கசிவோடு கன்ட்ரோலர் போட்டால் டர்போ, இல்லாத காற்றைத் துரத்திக்கொண்டு அளவுக்கு மேல் சுழலும், நல்ல டர்போவும் அப்போதுதான் சாகும். கசிவைச் சரிசெய்த பிறகும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கம்ப்யூட்டர் எதிர்பார்ப்பதைவிடப் பூஸ்ட் கூடினால் அது பி0234 (பூஸ்ட் அதிகம்) என்ற கோடைப் போட்டுத் துரோட்டலை மூடும், மச்சானின் கன்ட்ரோலர் ஒரு பக்கம் திறக்க, கம்ப்யூட்டர் மறுபக்கம் மூட, கார் இடறி இடறிப் போகும். கம்ப்யூட்டரையும் டியூன் செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். டியூனர் நல்லவராக இருந்தால் எஞ்சின் தாங்கலாம், ஆனால் உங்கள் கியர்பாக்ஸ் சிவிடி. அதில் எஃகு பெல்ட்டை இரண்டு புல்லிகள் எண்ணெய் அழுத்தத்தில் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அது எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்று ஓர் அளவு வைத்துத்தான் எஞ்சினோடு சேர்த்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பெல்ட் வழுக்கும், ஒரு தடவை வழுக்கினால் புல்லியில் கோடு விழும், அதன் பிறகு அந்தப் பெட்டிக்குச் செய்கிற செலவில் மச்சானுடைய வீராவையே வாங்கிவிடலாம். 95 பெட்ரோல் ஊற்றிக்கொண்டு, நம் ஊர் வெயிலில், பழைய எஞ்சினில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பூஸ்டை ஏற்றுவது நாக்கிங்கை அழைத்து வைப்பதுதான்.

முதலில் ஹோஸையும் டம்ப் வால்வையும் பாருங்கள். சரிசெய்ததும் கோம்பாக் ஏற்றத்தில் அதே வீடியோவை எடுங்கள். 0.7-க்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது. கசிவு எங்குமே இல்லை, இன்னும் 0.4-தான் என்றால் வேஸ்ட்கேட் கையை நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள், அப்படியும் பிடிபடவில்லை என்றால் ஏர்கான் நிறுத்திய ஐட்லிங் எண், உச்ச பூஸ்ட், அது வந்த ஆர்பிஎம், ஸ்கேனரில் வந்த கோடு, இவற்றை எழுதி அனுப்புங்கள்.